ஈய எழுத்துகள்

அப்பா வருவதற்கு முன்பே மண்ணெண்ணெய் வாசனை வந்துவிடும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் அவர் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பஞ்சாங்கம், பள்ளிக்கூட வினாத்தாள், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அவர் விரல் பட்டுத்தான் ஊருக்குள் போகும். சாய்த்து வைத்த மரக் கேஸின் முன்னால் நாள் முழுக்க நின்றபடியே வேலை. இடக்கையில் எழுத்துக் கோக்கிற ஸ்டிக். வலக்கை பார்க்காமலே எழுத்தைப் பொறுக்கும். அச்சடித்து முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்தெழுத்தாகப் பிரித்து, மறுபடி அந்தந்த அறையில் போடுவதும் அவர்தான். அறைகளுக்குள் சாம்பல் நிறத்தில் தூசி சேரும். குனிந்து வாயால் ஊதி வெளியேற்றுவார்.

தம்பிக்கு அந்த வாசனை என்றால் உயிர். சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்கு ஓடிப்போய் அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறவரை விடமாட்டான். மாட்டிய பிறகும் சில நாள் அந்தச் சட்டைக்கு அடியிலேயே தூங்கிப்போவான். நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள்; கட்டிக்கொள்கிற வயதைத் தாண்டியிருந்தேன். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. துதிக்கையைத் தூக்கிய யானை மாதிரி இருந்த பழைய லை, ளை, ணை, னை எல்லாம் போய், இப்போது நாம் எழுதுகிற வடிவம் வந்தது. சுழித்து எழுதிய ணா, றா, னாவுக்குத் துணைக்கால் வந்தது. கொஞ்சநாள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. பிறகு அப்பாவின் கேஸில் அந்தச் சில அறைகள் மட்டும் கை படாமல் கிடந்தன. ஓய்ந்த எழுத்துகளை உருக்குவதற்கு எடை போட்டுக் கொடுத்தபோது, ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதலாளியிடம் கேட்டு வாங்கியதுதான் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுச் சாமான் என்றால் சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு நடைவண்டிதான். அந்த வீட்டுக்கு ஒரு முடிச்சு எழுத்து வந்தது எவ்வளவு பெரிய விஷயம்! ஈர மண்ணில் அழுத்தினால் எழுத்து பளிச்சென்று விழும். வாசல்படியில் வரிசையாக நிறுத்தி ரயில் விடலாம். தம்பியின் டிராயர்ப் பையில் ஒரு பழைய லை எப்போதும் இருக்கும். யோசனை வந்தால் அதை எடுத்து வாயில் போட்டுக் குதப்புவான். "துப்புடா" என்று அம்மா கத்துவாள். விழுங்கிவிடப் போகிறானே என்ற பயம், வேறொன்றுமில்லை. துப்பிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வான்.

அச்செழுத்தில் பெரும்பங்கு காரீயம். கெட்டிப்படுவதற்கு ஆண்டிமனியும், இளகி வார்ப்பில் சீராக ஓடுவதற்கு வெள்ளீயமும் சேர்ப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியும். ஈயம் ஆகாது என்பதும் அச்சகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. அதனால்தான் சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு பூவன்பழம் தின்பார்கள். அது ஈயத்தை முறித்துவிடும் என்று நம்பினார்கள். ஆகாது என்றால் வேலை பார்க்கிற பெரியவர்களின் வயிற்றுக்கு ஆகாது என்று அர்த்தம். சட்டையோடு அது வீட்டுக்கு வரும், குழந்தையின் மூளைக்குப் போகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தம்பி மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தான். ஐந்தில் இரண்டு வருடம். முட்டாள்தனமாக ஒரு நாளும் பேசமாட்டான். மாட்டுவண்டிச் சக்கரம் எப்படிக் கழலும், ரேடியோவுக்குள் எந்தக் கம்பி எங்கே போகும் என்றெல்லாம் சொல்வான். ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டான். உப்பும் தீப்பெட்டியும் வாங்கிவா என்று அனுப்பினால் உப்போடு திரும்புவான். கணக்கை நோட்டில் எழுதத் தொடங்குவான். பாதியில் பென்சில் நின்றுவிடும். பார்வை ஜன்னலுக்குப் போயிருக்கும். வாசிக்கும்போது வரி மாறும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வைத்தார்கள். பெஞ்சின்மேல் ஏற்றினார்கள். முட்டிபோட வைத்தார்கள். பிரம்பு இரண்டு முறை உடைந்தது. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். நானும் தலையில் குட்டியிருக்கிறேன். அப்பா அடித்ததே இல்லை. "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்.

1979இல் அவனுக்கு முன்பல் விழுந்தது. அப்பாயி அதைச் சாணியில் வைத்து உருட்டி அவன் கையில் கொடுத்து, கூரைமேல் எறியச் சொன்னாள். எறிந்தான். ஓட்டில் பட்டு உருண்டு, எங்கோ இடுக்கில் போய் நின்றது. அதற்குப் பிறகு விழுந்த பற்களும் அங்கேதான் போயின.

அதே 1979இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய செல்சீ, சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் குழந்தைகளின் பால்பற்களைச் சேகரித்து ஒரு மருத்துவர் செய்த ஆராய்ச்சி வெளியானது. அவர் பெயர் ஹெர்பர்ட் நீடில்மன். எனக்கு இந்தப் பெயர் தெரியவந்தது போன வருடம்தான். தொடக்கப் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சென்னையில் மகள் வீட்டுக்கு வந்திருந்தேன். அவள் சமூக மருத்துவம் படித்தவள். மேசைமேல் கட்டுக்கட்டாகக் கட்டுரைகள் கிடந்தன. "தாத்தா அச்சாபீஸ்ல என்ன வேலம்மா பாத்தார்? கையால எழுத்த எடுப்பாரா?" என்று ஒரு நாள் கேட்டாள். சொன்னேன். சட்டையைப் பற்றிச் சொன்னேன், முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியது. எழுந்துபோய் அந்தக் கட்டுரையை எடுத்துவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அகராதியும் கையுமாக நான் வாசிக்கத் தொடங்கினேன்.

நீடில்மன் பல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஈயம் மாதக்கணக்கில் குறைந்துவிடும். இன்று சோதித்தால் இந்த மாதத்துக் கதைதான் கிடைக்கும். உடம்போ ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பிலும் பல்லிலும் கட்டிவைக்கிறது. விழுந்த பால்பல் என்பது பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை வாங்கிய ஈயத்தின் கணக்குப் புத்தகம். முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 3,329 பேரிடம் கேட்டு, 2,335 பேரிடமிருந்து பல் வாங்கினார்கள். பல் விழுந்த குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி, புதுப் பள்ளம் இருக்கிறதா என்று வகுப்பு ஆசிரியரே பார்த்து உறுதி செய்தார். இந்த வரியை வாசித்தபோது கட்டுரையைக் கீழே வைத்துவிட்டேன். முதல் வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்னிடம் உள்ளங்கையில் பல்லை வைத்து நீட்டியிருக்கிறார்கள்! "வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டுல போடு" என்றுதான் சொன்னேன்.

பல்லில் ஈயம் மிக அதிகமாக இருந்த 58 பேரையும், மிகக் குறைவாக இருந்த 100 பேரையும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சோதித்தார்கள். யார் பல்லில் எவ்வளவு என்பது சோதித்தவர்களுக்குத் தெரியாது. ஈயம் அதிகமிருந்த பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக நான்கைந்து புள்ளி குறைவு. இங்கே எனக்கு உடனே ஒரு கேள்வி வந்தது. ஏழை வீட்டில்தான் பழைய சுவரும் உதிர்கிற பெயின்டும் இருக்கும். ஏழை வீட்டில்தான் புத்தகமும் போதிய சாப்பாடும் இருக்காது. அப்படியானால் குறைவுக்குக் காரணம் ஈயமா, ஏழ்மையா? மகளிடம் கேட்டேன். "இதையேதான்ம்மா ஈயக் கம்பெனிக்காரங்களும் வருஷக்கணக்கா கேட்டாங்க" என்றாள். தாயின் படிப்பு, பெற்றோரின் நுண்ணறிவு, தாயின் வயது, தந்தையின் சமூகப் பொருளாதார நிலை என்று பலவற்றைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளி மறையவில்லை. ஏழ்மை தனியாகத் தாக்குகிறது, ஈயம் தனியாகத் தாக்குகிறது. இரண்டும் ஒரே குழந்தையின்மேல் விழுகின்றன.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நுண்ணறிவுக் கணக்கு அல்ல. அந்தக் கட்டுரையில் இன்னொரு பகுதி இருக்கிறது. 2,146 குழந்தைகளைப் பற்றி அவர்களின் ஆசிரியர்களிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார்கள். கவனம் எளிதில் சிதறுகிறதா? எடுத்த வேலையை விடாமல் செய்கிறானா? ஒழுங்கில்லாமல் இருக்கிறானா? பகற்கனவு காண்கிறானா? எளிய கட்டளையைப் பின்பற்ற முடிகிறதா? ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் வரிசையாகச் செய்ய முடிகிறதா? பல்லில் ஈயம் படிப்படியாக ஏறஏற, இந்தக் குறைகளைச் சொன்ன ஆசிரியர்களின் விகிதமும் படிப்படியாக ஏறியது.

உப்போடு மட்டும் திரும்பிவந்தவனை அந்தப் பட்டியலில் பார்த்தேன். அவனை மட்டுமில்லை. முப்பத்தைந்து வருடத்தில் நான் எத்தனை பிள்ளைகளின் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். அந்தக் கவனத்தை யார் எடுத்தார்கள், எது எடுத்தது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

நான்கைந்து புள்ளிதானே என்று முதலில் எனக்கும் தோன்றியது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி 100 உள்ள ஊரில் ஆயிரம் குழந்தைகளை எடுத்தால், 70க்கும் கீழே இருந்து தனிக் கவனிப்புத் தேவைப்படுகிறவர்கள் சுமார் 23 பேர். சராசரி ஐந்தே புள்ளி இறங்கி 95 ஆனால், அவர்கள் ஏறக்குறைய 48 பேராகிவிடுவார்கள். மறுபக்கம் 130க்கு மேலே இருக்கிற 23 பேர் 10 ஆகச் சுருங்கிவிடுவார்கள். நடுவில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு படி கீழே நிற்பார்கள், எதனால் என்று தெரியாமலே.

1990இல் வெளியான கட்டுரைக்காக நீடில்மன் அதே பிள்ளைகளில் தேடிப்பிடிக்க முடிந்தவர்களை மறுபடி பார்த்தார். பல்லில் ஈயம் அதிகமிருந்தவர்கள் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு. வாசிப்பதில் தடுமாற்றமும் அப்படியே நீடித்திருந்தது. அதற்கடுத்து அவர்மேல் அறிவியல் நேர்மை தவறியதாகப் புகார் எழுந்தது. புகார் சொன்னவர்கள் ஒரு வழக்கில் ஈயத் தொழில் தரப்புக்குச் சாட்சியாக நின்ற ஆராய்ச்சியாளர்கள். விசாரணையை எல்லார் முன்னிலையிலும் நடத்துங்கள் என்று கேட்டவர் நீடில்மனே. பல்கலைக்கழகமும் அரசும் விசாரித்தன. குற்றம் நிரூபணமாகவில்லை. 2017இல் இறந்தார். அதற்குள் உலகின் பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகள் அவர் சொன்னதையே சொல்லிவிட்டன.

அவற்றில் ஒன்று 2005இல் வந்தது. ஏழு வெவ்வேறு ஆராய்ச்சிகளில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவந்த 1,333 குழந்தைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விஷம் என்றால் கொஞ்சமாகப் போனால் கொஞ்சம் கெடுதல், அதிகமாகப் போனால் அதிகக் கெடுதல் என்றுதானே நினைப்போம். டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10க்கு ஏறும்போது போகிற நுண்ணறிவுப் புள்ளி 3.9. பத்திலிருந்து இருபதுக்கு ஏறும்போது இன்னும் 1.9. இருபதிலிருந்து முப்பதுக்கு 1.1. முதலில் நுழைகிற கொஞ்ச ஈயம்தான் அதிகமாகப் பறிக்கிறது. அமெரிக்காவில் கவலைப்பட வேண்டிய அளவு என்று 1960களில் சொன்னது 60. 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு தடவை அந்த எண் இறங்கும்போதும், முந்தைய எண்ணை நம்பி நிம்மதியாக இருந்த அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது.

இதெல்லாம் புதிதாகத் தெரிந்த விஷயமென்றாலாவது மனம் ஆறும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து குழந்தைகளுக்கு வந்த கைகால் வாதத்துக்கும் வயிற்று வலிக்கும் வராந்தாக் கம்பியில் பூசிய ஈயப் பெயின்ட்தான் காரணம் என்று லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் எழுதியது 1904இல். வெயிலில் அந்தப் பெயின்ட் பொடிப்பொடியாகும். கம்பியைப் பிடித்து விளையாடிய கையைக் குழந்தை வாயில் வைக்கும். அவ்வளவுதான். 1922இல் அங்கே சட்டமும் வந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். நடுவில் 113 வருடம். அந்த இடைவெளிக்குள்தான் தம்பி நடைவண்டியின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டு எங்கள் கூடத்தைச் சுற்றிவந்தான். பல் முளைக்கிற காலத்தில் அவன் கடித்துக் கடித்து அதன் சிவப்பெல்லாம் போய் மரம் தெரிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஈயச் சொம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பாயி ரசம் வைப்பது ஈயச் சொம்பில்தான். அது வெள்ளீயம். நல்ல வெள்ளீயத்தால் கெடுதல் இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் இருப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல. அப்பாயி சொம்பு வாங்கும்போது வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்ப்பாள்; கரிக்கோடு விழுந்தால் காரீயம் கலந்தது என்று திருப்பிக் கொடுப்பாள். வெள்ளீயக் கட்டியை வளைத்தால் நெறநெறவென்று ஓசை வரும் என்பாள். இரண்டும் உண்மைதான். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் அந்தச் சோதனைகளில் சிக்காது. புளிக்கரைசலோ காரீயத்தை நன்றாகக் கரைத்து எடுக்கும். மகளின் கல்யாணத்துக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சொம்பை அவள் ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்துப் பார்த்தாள். காரீயம் இருந்தது. பேரனுக்கு அந்தச் சொம்பு ரசத்தில்தான் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது. அந்த ருசி வரவில்லை. வரவேண்டாம்.

என் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து, 2009இல் வெளிவந்தது. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் 756 சென்னைக் குழந்தைகள். ரத்தத்தில் ஈயம் சராசரியாக 11.4. ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் பதற்றமும், மற்றவர்களோடு பழகுவதில் சிரமமும், கவனக்குறைவுக்கான மதிப்பெண்ணும் கூடுதலாக இருந்ததாக ஆசிரியர்கள் சொன்ன பதில்கள் காட்டின. இந்தியா முழுக்கப் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தது 2000இல். அது பெரிய காரியம். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்தான். ஆனால் பெட்ரோல் சுத்தமானதோடு கதை முடியவில்லை. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் ஈயம் 5 அல்லது அதற்கு மேல் உள்ள குழந்தைகள் உலகத்தில் 80 கோடி வரை இருக்கலாம் என்றது. மூன்றில் ஒரு குழந்தை. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கு மேல். பெரிய காரணங்களில் ஒன்றாக அது சொல்வது, பழைய பேட்டரிகளைக் கண்ட இடத்தில் உடைத்து ஈயம் உருக்குவதை.

அந்தப் பக்கத்தை வாசித்ததும் தம்பிக்குப் போன் செய்தேன்.

தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பேட்டரிக் கடையில் உதவிக்குச் சேர்ந்தான். அங்கே அவனை யாரும் மக்கு என்று சொல்லவில்லை. பழைய பேட்டரியைப் பிரித்து, தகடு மாற்றிக் கட்டுவான். ஈயத்தை உருக்கி முனைகளுக்கு வார்ப்பான். பத்து வருடத்தில் சொந்தக் கடை. பழைய பேட்டரியைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர்க்கவேண்டும் என்று 2001இலேயே விதி வந்துவிட்டது. அந்த விதி அவனுடைய தெருமுனை வரைக்கும் வந்து சேரவில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன்.

மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எல்லாருக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தோம். தம்பிக்கு ஈயம் நாற்பதைத் தாண்டியிருந்தது. பேரனுக்கு 8. ஐந்தைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கிருந்து என்று தேடவேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை.

"மருந்து எழுதிக் குடும்மா, எவ்வளவானாலும் வாங்கிடறேன்" என்றான் தம்பி.

மகள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மாமா, இந்த அளவுக்கு மருந்து கிடையாது. அமெரிக்காவுல 780 குழந்தைங்கள்ல பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாத்தாங்க. ரத்தத்துல ஈயம் குறைஞ்சுது. ஆனா மூணு வருஷம் கழிச்சு சோதிச்சப்போ, மருந்து சாப்பிட்ட குழந்தைக்கும் சாப்பிடாத குழந்தைக்கும் அறிவுல ஒரு வித்தியாசமும் இல்ல. போனத மருந்து திருப்பித் தரல. இனிமே உள்ள போகாம பாத்துக்கறதுதான் வழி. பிள்ளைக்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறையாம பாத்துக்கணும். வயிறு காஞ்சிருந்தா, சத்து இல்லாம இருந்தா, ஈயத்த உடம்பு இன்னும் அதிகமா இழுத்துக்கும்."

விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சொன்னாள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், முட்டை என்று மருமகள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டாள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு தம்பி என்னிடம் வந்து உட்கார்ந்தான். பழைய வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சட்டென்று கேட்டான்.

"அக்கா, அந்த எழுத்தெல்லாம் வாயில போடாம இருந்திருந்தா, நான் பாஸ் பண்ணியிருப்பேனா?"

ஒரு வருடமாக வாசித்த அத்தனையையும் மனதுக்குள் புரட்டிப்பார்த்தேன். 2,335 பல். 1,333 குழந்தை. 756 குழந்தை. எல்லாம் சராசரி பேசுகின்றன. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்கின்றன. இந்த ஒருவன், இந்தத் தெருவில், இந்த வகுப்பில், என்னவாகியிருப்பான் என்று சொல்கிற கட்டுரை ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டுரைகளின் நேர்மையே அதில்தான் இருக்கிறது. ஒரு குழந்தையைக் காட்டி, இவன் ஈயத்தால் இப்படி ஆனான் என்று அவர்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை. சாமர்வில் குழந்தைகளின் பல் பரிசோதனைச் சாலைக்குப் போனது. என் தம்பியின் பல் ஓட்டு இடுக்கில் போய், அந்த வீடு இடிபட்டபோது மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதில் எவ்வளவு இருந்தது என்று இனி யாராலும் சொல்லமுடியாது.

"தெரியலடா" என்றேன். "ஆனா அடிச்சது தப்பு. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு இது தெரிஞ்சா தாங்கியிருக்கமாட்டாரு" என்றான். அப்பா 1991இல் போய்ச் சேர்ந்தார். கடைசி வருடங்களில் ஓயாத வயிற்று வலி. ஈறு ஓரத்தில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு கோடு இருந்தது. வெற்றிலைக் கறை என்று நினைத்தோம். வெற்றிலைக் கறையாகவே இருந்திருக்கலாம்.

மறுநாளே தம்பி வேலையைத் தொடங்கிவிட்டான். ஈயம் உருக்குவதை அன்றோடு நிறுத்தினான். தகடு கட்டுகிற வேலையை இனி எடுப்பதில்லை, புதுப் பேட்டரி விற்பதும் சார்ஜ் போடுவதும் போதும் என்று பலகையில் எழுதிவைத்தான். வருமானத்தில் பாதி போகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மிச்சமிருந்த உடைசல்களைப் பதிவு பெற்ற ஆளுக்கு ஏற்றிவிட்டான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவைச் சுவர் வைத்து அடைத்தான். பின்கட்டில் மேல்மண்ணை வாரி எடுக்கச்செய்து சிமென்ட் பூசினான். வீட்டுக்குள் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். கடைக்கு வெளிப்பக்கம் ஒரு குழாயும் சோப்புப் பெட்டியும் வைத்தான். வேலைச் சட்டைக்கு அங்கேயே ஓர் ஆணி.

நான் சென்னைக்குக் கிளம்பும் அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தான். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, உடம்பில் சட்டை இல்லை. பார்த்ததும் பேரன் படியிறங்கி ஓடினான். தம்பி இரண்டடி பின்னால் நகர்ந்து, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருடா கண்ணு. தாத்தா குளிச்சிட்டு வந்துடறேன்."

பையன் அப்படியே நின்றான். கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அது நிற்கிறவரைக்கும் அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நின்றதும் ஓடினான்.